முதல் சொம்பு

கடல் கடந்து வந்தவர்கள் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே வீடுகளில் வேலாயுதத்தை யாரும் வேலாயுதம் என்று கூப்பிட்டது கிடையாது. அங்கே அவன் பெயர் தம்புசாமி. காலையில் வேலைக்குப் போனதும் கணக்கெழுதும் கிராணி பெயர்ப் புத்தகத்தைப் பிரித்து "தம்புசாமி!" என்பார். "இருக்கேன் ஐயா" என்பான் வேலாயுதம். ஞாயிற்றுக்கிழமை நீங்கலாக ஐந்து வருஷமாக இந்தப் பொய்யைச் சொல்லித்தான் அவன் குடும்பம் சோறு தின்றது. தம்புசாமி அவனுடைய தம்பி. செத்துப்போனவன்.

அது எப்படி என்று கேட்டால் வேலாயுதத்தின் கோழைத்தனத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். நாகரிகமாகச் சொல்ல வேறு வார்த்தை தேடிப் பார்த்தாயிற்று, கிடைக்கவில்லை.

சண்டைக் காலத்தில் அண்ணனும் தம்பியும் தம்பின் என்ற ஊர்ப் பக்கம் ஒரே கூட்டத்தில் தண்டவாள வேலை பார்த்தார்கள். பஸரா என்ற ஊரில் பட்டாளத்துக்கு ரயில் பாதை போட ஆள் வேண்டும், போகிறவனுக்கு இரட்டைச் சம்பளம் என்று சொன்னார்கள். வேலாயுதம் முதல் ஆளாக ஓடிப்போய்ப் பெயர் கொடுத்தான். கப்பல் ஏற நாலு நாள் இருக்கும்போது ஆசை இறங்கி பயம் ஏறியது. காய்ச்சல் என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தவன்தான், எழுந்திருக்கவே இல்லை. பெயர் கொடுத்துவிட்டுப் போகாவிட்டால் வேலையிலிருந்து தூக்கிவிடுவார்கள் என்று கங்காணி மிரட்டினார். "நீ படுத்துக்க அண்ணே, நான் போறேன்" என்றான் தம்புசாமி. அண்ணன் பெயரைச் சொல்லிக்கொண்டு வரிசையில் போய் நின்றான். துரைக்கு வேண்டியது தலை எண்ணிக்கை. எண்ணிப் பார்த்தார், சரியாக இருந்தது. கப்பல் போன பிறகு வேலாயுதம் தம்பியின் பெயருக்குக் குரல் கொடுத்து வேலையைத் தொடர்ந்தான்.

ஆறு மாதம் கழித்துத் தாள் வந்தது. வேலாயுதம் பஸராவில் இறந்துவிட்டான் என்று அதில் எழுதியிருந்தது. கூடப் போய்த் திரும்பி வந்த ஜெயராஜ்தான் விவரம் சொன்னான். ஆடி மாத வெயில். தண்டவாளத்தைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொண்டு வருமாம். மத்தியானத்தில் தம்புசாமி சுருண்டு விழுந்தான். தண்ணி தண்ணி என்று கேட்டுக்கொண்டே இருந்தான். தண்ணீர் வண்டி வந்து சேர்ந்தபோது கேட்பதை நிறுத்தியிருந்தான்.

இனி உண்மையைச் சொன்னால் ஆள்மாறாட்டம் என்று வேலை போகும், வீடு போகும், ஜெயில்கூடக் கிடைக்கலாம். தன் குடும்பத்தோடு தம்பி குடும்பமும் தெருவில் நிற்கும். தம்பின் ஊர் ஆட்கள் தெரிந்தும் வாய் திறக்கவில்லை. வேலாயுதம் மாற்றல் கேட்டு, தன்னை யாரும் அறியாத பிரிக்பீல்ட்ஸுக்கு வந்து சேர்ந்தான்.

புது ஊரில் உறவெல்லாம் தலைகீழாயிற்று. இறந்தவன் வேலாயுதம், அதாவது அண்ணன். இருக்கிறவன் தம்புசாமி, அதாவது தம்பி. அப்படியானால் தம்பியின் மனைவி தனலெட்சுமி, அண்ணன் மனைவியாக மாற வேண்டும். வாசலைத் தாண்டினால் வேலாயுதம் அவளை "அண்ணி" என்பான், அவள் அவனைத் "தம்பி" என்பாள். குழாயடியில் நாலு பேர் பார்க்க, "என்ன தம்பி, குடத்தைத் தூக்கிவிட மாட்டீங்களா?" என்று அதட்டக்கூடச் செய்வாள். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினதும் அவன் பெரியத்தான். புருஷனுக்கு மூத்தவர் எதிரே உட்காரக் கூடாது என்று அடுப்படிக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். வேலாயுதத்தின் மனைவி மாரியாயிக்கு ஆரம்பத்தில் இதைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

அங்கே வந்த பிறகு செய்த கருமாதி அன்றுதான் வேலாயுதம் நொறுங்கிப் போனான். அக்கம்பக்கம் கூடியிருந்தது. சடங்கு செய்ய வந்தவர் செத்தவர் பெயரைக் கேட்டார். "வேலாயுதம்" என்றான் வேலாயுதம். அந்தப் பெயரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைக்கச் சொன்னார். மூன்று தரம் இறைத்தான். தன் பெயருக்குத் தானே தண்ணீர் இறைத்த மனுஷன் இந்தச் சீமையில் அவன் ஒருத்தனாகத்தான் இருப்பான். தாகத்தில் செத்தவனுக்கோ அவன் பெயர் சொல்லி ஒரு சொட்டுப் போகவில்லை. தனலெட்சுமி மூலையில் உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. "கல்லுதான் இவ" என்று பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

ஐந்து வருஷம் ஓடி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்திரண்டாம் வருஷம் மாசி மாதத்தில் ஆபீஸிலிருந்து ஒரு சின்ன அட்டைப் பெட்டி வந்தது. உள்ளே வெண்கலத்தில் ஒரு பதக்கம். ஒரு பக்கம் ராஜாவின் தலை, மறுபக்கம் குதிரைமேல் ஓர் ஆள்.

"யாருங்க இது, இடுப்புல ஒரு துணிகூட இல்லாம?" என்று கேட்டாள் மாரியாயி.

வேலாயுதம் சிரிக்கவில்லை. விளிம்பைச் சுற்றி இங்கிலீஷில் பொடி எழுத்து இருந்தது. கிராணி அதைப் படித்துச் சொல்லித்தான் கொடுத்திருந்தார். "உங்க அண்ணன் வேலாயுதத்துக்கு ராஜா பண்ணின மரியாதை. பத்திரமா வச்சுக்க தம்புசாமி" என்றிருந்தார்.

தனலெட்சுமி கதவுக்குப் பின்னாலிருந்து கையை நீட்டிப் பதக்கத்தை வாங்கிப் பார்த்தாள்.

"விளிம்புல யாரு பேரு பெரியத்தான்?"

"என் பேருதாம்மா."

அவள் அதை அரிசிப் பானைக்குள் போட்டாள். மூன்று நாள் அரிசி எடுக்கும்போதெல்லாம் அது கையில் இடறியது. நாலாம் நாள் மறுபடியும் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"இதை உருக்கணும் பெரியத்தான். உருக்கி ஒரு சொம்பு செய்யணும். அவருக்குத் தண்ணி வைக்கணும். பேரு வெட்டித்தான் வைக்கணும்."

"பேரா? என்ன பேரு வெட்டுறது?"

கேட்டிருக்கக் கூடாத கேள்வி. கல்யாணமான நாளிலிருந்து தனலெட்சுமி புருஷன் பெயரை வாயால் சொன்னதில்லை. நம் பெண்களில் எவள்தான் சொன்னாள்? சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று பயம். ஆயுசே முடிந்துபோன பிறகும் நாக்கு பழகவில்லை. அவள் சொல்லாத அந்தப் பெயரைத்தான் ஊரெல்லாம் வேறொருத்தனைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அதையும் அவள் தினம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். வேலாயுதம் தலையைக் குனிந்துகொண்டான்.

ஊரில் எத்தனையோ பேர் இருக்க, அவள் போய் யோசனை கேட்டது சலாவுதீனிடம். பழைய பித்தளை, ஈயம் வாங்கும் வியாபாரி. நாகூர்ப் பக்கத்து ஆள், முப்பது வயசு. கிள்ளானில் கிடங்கு வைத்திருந்தான். வாரத்தில் இரண்டு நாள் பிரிக்பீல்ட்ஸில் வீடு வீடாகப் போவான். நல்ல மனுஷன்தான், வாய் மட்டும் ஓயாது. மேல் வீட்டுக் கதையைக் கீழ் வீட்டில் இறக்கி வைத்துவிட்டுத்தான் அடுத்த வாசலுக்குப் போவான்.

"சொம்பு செய்யணுமா? நம்ம பட்டறைக் கம்பம் எதுக்கு இருக்கு அக்கா!" என்றான். பட்டறைக்காரர்கள் குடியிருக்கும் சிற்றூரைத்தான் கம்பம் என்றான். "சண்டையில மிச்சமான பித்தளையெல்லாம் கப்பல்ல வந்து துறைமுகத்துல இறங்குது. நான்தான் ஏலம் எடுத்துக் குடுக்குறேன். அங்க இராமலிங்கம் அண்ணன்னு ஒருத்தரு. பீரங்கியைக் குடுத்தா பிள்ளைக்குப் பால் ஊத்துற பாலாடை ஆக்கித் தந்துருவாரு. ஞாயித்துக்கிழமை வாங்க. தம்புசாமி அண்ணே, நீங்களும் வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன்."

இப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை வேலாயுதமும் தனலெட்சுமியும் கிள்ளான் போகும் ரயிலில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தார்கள். வெளியே வந்துவிட்டபடியால் அவள் அண்ணி, தாராளமாக எதிரே உட்காரலாம். பக்கத்தில் இருந்தவர்கள் பங்சார் ஸ்டேஷன் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டார்கள். வேலாயுதம் குரலைத் தாழ்த்தினான்.

"இங்க பாரும்மா. அந்த சலாவுதீன் கூடவே நிப்பான். அவன் காதுல விழுந்தா நாளைக்கே பிரிக்பீல்ட்ஸ் முழுக்கப் பரவிடும். வேலாயுதம்னே வெட்டச் சொல்லிடுவோம். யாருக்கு வைக்கிறோம்னு நமக்குத் தெரியும்ல, அது போதாதா?"

தனலெட்சுமி ஜன்னலுக்கு வெளியே ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி தம்பி" என்றாள். அவள் சரி என்ற விதம் வேலாயுதத்துக்குப் பிடிக்கவில்லை. வாதாடியிருந்தால் தேவலை என்று நினைத்தான்.

கிள்ளான் ஸ்டேஷனில் சலாவுதீன் மாட்டுவண்டியோடு நின்றான். துறைமுகம் போகும் செம்மண் சாலையில் ஒரு மணி நேரம் போயிருப்பார்கள். தென்னைகளுக்கு நடுவே இருபது இருபத்தைந்து குடிசைகள் தெரிந்தன. டங் டங் என்று அடிக்கிற சத்தம் அதற்கு முன்பே வந்துவிட்டது.

கம்பத்துக்குள் கால் வைத்ததும் வேலாயுதம் நின்றுவிட்டான். ஒவ்வொரு வீட்டுக்குப் பின்னாலும் பீரங்கித் தோட்டாக் கூடுகள் விறகு அடுக்கின மாதிரி அடுக்கிக் கிடந்தன. வெடித்து முடிந்த வெறும் பித்தளைக் குழல்கள். சிலது முழங்கை நீளம், சிலது பிள்ளையின் இடுப்பு உயரம். அடியில் எண்களும் எழுத்துகளும் குத்தியிருந்தார்கள். ஒரு வீட்டில் அதில் மண்ணைப் போட்டுத் துளசி வைத்திருந்தார்கள். இன்னொரு வீட்டுக்காரர் நாலு கூடுகளை நட்டுப் பலகை போட்டுக் கோழிக்கூண்டு கட்டியிருந்தார். கோழி அதன்மேல் ஏறி நின்று கொக்கரித்தது. வாசலில் விற்பனைக்கு வைத்திருந்த குத்துவிளக்கு, குடம், வெற்றிலைப் பெட்டி எல்லாம் அதே பித்தளைதான். இவற்றில் எது எந்த மைதானத்தில் யார்மேல் வெடித்ததோ என்று வேலாயுதம் நினைத்துக்கொண்டான்.

இராமலிங்கம் ஐம்பது வயதுக்காரர். இடது கையில் இரண்டு விரல் இல்லை. அவர் மனைவி பவுனம்மாள் வாட்டசாட்டமானவள். வார்ப்பது அவர் வேலை என்றால் பாத்திரத்தில் பெயர் வெட்டுவது அவள் வேலை. சலாவுதீன் முன்பே சொல்லி வைத்திருந்ததால் அச்சு தயாராக இருந்தது. மெழுகில் சொம்பு செய்து, மேலே மண் பூசி, காயவைத்து, சுட்டு, மெழுகை உருக்கி வெளியே விட்டிருந்தார்கள். அந்த இடத்தில் உலோகத்தை ஊற்ற வேண்டியதுதான் பாக்கி. பட்டறையில் துருத்தி ஊதிக்கொண்டிருந்தது. உருக்கும் மண் குவளையில், மூசை என்பார்கள், பித்தளை தளதளவென்று கிடந்தது.

"நேத்துத்தான் புது லோடு வந்துச்சு. அதுலேருந்து முதல்ல உருக்குனது இது" என்றார் இராமலிங்கம். "மெடலைக் குடுங்க. யாரு போடுறது?"

தனலெட்சுமி முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பதக்கத்தை எடுத்தாள்.

"தம்பி, நீங்களே போடுங்க" என்று வேலாயுதத்திடம் நீட்டினாள்.

அவன் குறட்டால் பிடித்து மூசைக்குள் இறக்கினான். குதிரைக்காரன் முதலில் மங்கினான். பிறகு ராஜாவின் தலை. விளிம்பு கடைசிவரை நின்று, சட்டென்று அமுங்கிப் போயிற்று. அதில் எழுதியிருந்த வேலாயுதமும் போனான். பார்த்துக்கொண்டிருந்த வேலாயுதத்துக்கு நெஞ்சு லேசான மாதிரி இருந்தது. சாட்சி அழிந்த திருடனுக்கு வருகிற லேசு அது என்று உடனே புரிந்ததும் வெட்கமாகப் போயிற்று.

இராமலிங்கம் ஊற்றினார். அச்சு ஆறும்வரை எல்லோரும் புளியமரத்தடியில் உட்கார்ந்தார்கள். பவுனம்மாள் கறுப்புக் காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு தனலெட்சுமியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு சொல்லணும் தங்கச்சி. சலாவுதீன் தம்பி சொன்னாரோ என்னமோ. ஒவ்வொரு புது லோடுலயும் முதல் பாத்திரத்தை நாங்க விக்கிறதில்ல, வீட்டுக்கும் குடுக்கிறதில்ல. அந்தச் சாலை முக்குல தண்ணிப் பந்தல் இருக்கு. அங்கதான் வைப்போம். உனக்கு வீட்டுக்கு வேணும்னா ரெண்டாவதா வேற வார்த்துத் தரச் சொல்றேன். ஆனா உன் மெடலு இதுல கலந்துபோச்சே."

"ஏன் அப்படி வைக்கிறீங்க?" என்று கேட்டான் வேலாயுதம்.

"முதமுத லோடு வந்தப்ப எங்களுக்கு ஒண்ணும் தெரியாது. முதல்ல செஞ்ச விளக்கை வித்துட்டோம். அடுத்த கூட்டை அறுக்கும்போது அடியில மிச்சம் இருந்த மருந்து வெடிச்சு இவரு ரெண்டு விரலு போச்சு. ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டே சொன்னாரு, 'எத்தனை பேரைக் கொன்னுட்டு வந்த சாமானோ. முதல்ல நாலு பேருக்குத் தண்ணி குடுக்கட்டும், அப்புறமா விப்போம்'னு. அன்னையிலேருந்து அப்படித்தான்." பவுனம்மாள் சிரித்தாள். "அதுக்காக சாமி பார்த்துக்கும்னு சும்மா இல்ல. மூணு நாள் தண்ணியில ஊறப் போட்டு, அடிமருந்தைத் தட்டி எடுத்துட்டுத்தான் இப்ப தொடுறாரு."

"தண்ணிப் பந்தல்லயே இருக்கட்டும் அக்கா" என்றாள் தனலெட்சுமி. "எனக்கு அதான் வேணும்."

அவள் முகத்தில் என்னவோ ஒரு தெளிவு வந்திருந்தது. வேலாயுதத்துக்கு அது கலவரத்தைக் கொடுத்தது.

மத்தியானம் அச்சை உடைத்தார்கள். மண் உதிர உதிரச் சொம்பு வெளியே வந்தது. இராமலிங்கம் அரத்தால் ராவி, கடைசலில் வைத்துத் தேய்த்தார். கழுத்து குறுகி, வயிறு உருண்டு, கைக்கு அடக்கமாக இருந்தது. பழைய ரத்தமும் வெயிலும் எங்கே போயிற்றோ, புதுப் பொண்ணு மாதிரி மினுங்கியது. பவுனம்மாள் அதை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு சின்ன உளியையும் சுத்தியலையும் எடுத்தாள். பெயரைப் புள்ளி புள்ளியாகக் கொத்தி எழுதுவது அவள் வழக்கம்.

"யாரு பேரு போடணும்?"

சலாவுதீன் பக்கத்திலேயே குந்தியிருந்தான். வேலாயுதம் தொண்டையைச் செருமினான்.

"வேலாயுதம்னு போடுங்க."

பவுனம்மாள் உளியை வைத்தாள். சுத்தியலை ஓங்கினாள்.

"அக்கா, நிறுத்துங்க" என்றாள் தனலெட்சுமி.

ஓங்கின கை அப்படியே நின்றது. "என்ன தங்கச்சி?"

"அது இல்ல பேரு."

"உன் வீட்டுக்காரரு பேருதானே? சரி, நீ எப்படிச் சொல்லுவே. கொழுந்தனாரு சொல்லட்டும்." பவுனம்மாள் வேலாயுதத்தைப் பார்த்தாள். "என்ன தம்பி, அண்ணன் பேரு கூடவா மறந்துபோச்சு?"

எல்லோரும் வேலாயுதத்தைப் பார்த்தார்கள். ஒரே ஒரு பெயர். ஐந்து வருஷமாகத் தினம் காலையில் அதைக் கேட்டு "இருக்கேன்" என்று சொல்லிய வாய். இப்போது அதை எடுத்துக் கொடுக்க வேண்டியவனும் அவன்தான், அவளால் சொல்ல முடியாது. அவன் சலாவுதீனைப் பார்த்தான். பெயர் கூப்பிடும் கிராணியை நினைத்தான். வீட்டை நினைத்தான். அன்று போர்வைக்குள் கிடந்தபோது காலிலிருந்து ஏறினதே, அதே குளிர் இப்போதும் ஏறியது. வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. இரண்டாம் தடவையாகவும் தம்பியைக் கைவிட்டுவிட்டான்.

தனலெட்சுமி எழுந்து நின்றாள். முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டாள். உதடு இரண்டு தரம் அசைந்து நின்றது. பிறகு, யாரையோ தூரத்திலிருந்து கூப்பிடுகிற மாதிரி உரக்கச் சொன்னாள்.

"தம்புசாமி."

பவுனம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. சலாவுதீனுக்குப் புரிய ஆரம்பித்திருந்தது.

"அக்கா, அது இந்த அண்ணன் பேருல்ல?"

"என் புருஷன் பேரு. இவரு பேருல பஸராவுக்குப் போயி, தண்ணி கேட்டுக் கேட்டுச் செத்தவரு பேரு." அவள் குரல் உடைந்தது, ஆனால் நிறுத்தவில்லை. "இவரு வேலாயுதம். எனக்குக் கொழுந்தன் இல்ல. பெரியத்தான்."

ஐந்து வருஷத்தில் வாசலுக்கு வெளியே அந்த வார்த்தை கேட்டது அன்றுதான். வேலாயுதம் தோட்டாக் கூடுகளின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்ததும் அழுகை வந்தது. முகத்தை மூடிக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

"எனக்குக் காய்ச்சல் இல்லம்மா" என்றான். "அன்னைக்கு. கையெல்லாம் சில்லுனுதான் இருந்துச்சு. பயந்துட்டேன். சும்மா படுத்துக்கிட்டேன்."

"தெரியும் பெரியத்தான்."

"தெரியுமா?"

"போறதுக்கு முந்தின நாள் சொன்னாரு. 'அண்ணனுக்குப் பயம். காட்டிக்காத. அவரு மனசு நோகும்'னாரு." தனலெட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் காட்டிக்கல."

கோழிகூடச் சத்தம் போடவில்லை என்று சொன்னால் அது கதைக்காகச் சொல்வது. கோழி கொக்கரித்துக்கொண்டுதான் இருந்தது. சலாவுதீன் மட்டும் வாயடைத்து உட்கார்ந்திருந்தான். அவனைத் தெரிந்தவர்களுக்கு அதுதான் அதிசயம்.

கடைசியில் அவன் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டான்.

"அண்ணே, நான் பெரிய வாயாடிதான். ஊருக்கே தெரியும். ஆனா எங்க வாப்பாவும் கப்பல்ல செத்தவரு. கடல்ல போட்டுட்டாங்க, எங்கேன்னுகூடத் தெரியாது." வேலாயுதத்தின் தோளில் கை வைத்தான். "இனிமே உங்களைப் பேரு சொல்லிக் கூப்பிடல. அண்ணேன்னு மட்டும் கூப்பிடுறேன். போதும்லா?"

வேலாயுதம் தலையை மட்டும் ஆட்டினான்.

பவுனம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு உளியை எடுத்தாள். டிக் டிக் என்று கொத்தினாள். ஒவ்வொரு எழுத்து முடிந்ததும் பித்தளைப் பொடியை ஊதிவிட்டுச் சொம்பைத் திருப்பினாள். தனலெட்சுமி அதன்மேலேயே கண்ணாக இருந்தாள். கடைசி எழுத்து முடிந்ததும் வாங்கி விரலால் தடவிப் பார்த்தாள்.

சாயங்கால ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. எல்லோருமாகச் சாலை முக்குக்குப் போனார்கள். தண்ணிப் பந்தல் என்றால் நாலு கம்பும் தென்னங்கீற்றும்தான். இரண்டு பெரிய மண் தொட்டிகள், அவற்றின் பக்கத்தில் சங்கிலியில் கட்டின ஐந்தாறு சொம்புகள். ஒன்றிலும் பெயர் இல்லை. இராமலிங்கம் புதுச் சொம்பைச் சங்கிலியில் மாட்டினார். அதைத் தொட்டியில் மொண்டு முதலில் யார் கையில் கொடுப்பது என்று நின்றபோது, சாலையில் தூசி கிளம்பியது.

கப்பலில் வந்து, துறைமுகத்து நோய்த் தடுப்பு முகாமில் ஒரு வாரம் அடைத்துவைத்து, அன்று வெளியே விட்ட, ரப்பர்த் தோட்டத்து வேலைக்குப் போகும் ஆட்கள். முப்பது பேர் இருப்பார்கள். துணி மூட்டை, தகரப் பெட்டி, இடுப்பில் பிள்ளை. உச்சி வெயிலில் நடந்து வந்ததில் உதடெல்லாம் வெடித்திருந்தது. பந்தலைக் கண்டதும் கூட்டம் வரிசை கலைந்து ஓடிவந்தது.

"ஊத்துங்க பெரியத்தான்" என்றாள் தனலெட்சுமி. கூட்டத்துக்கு நடுவில், எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்.

வேலாயுதம் சொம்பை எடுத்தான். குனிந்து கையேந்தி நின்றவர்களுக்கு ஊற்றினான். கை மாறி கை வந்துகொண்டே இருந்தது. ஒரு கிழவர் குடித்துவிட்டு மிச்சத்தை முகத்தில் அடித்துக்கொண்டு "அப்பாடா" என்றார். ஒரு பிள்ளைக்குப் புரையேறிற்று. தனலெட்சுமி அதன் உச்சியைத் தட்டினாள். வேலாயுதம் மொள்ளுவதும் ஊற்றுவதுமாக இருந்தான். தொட்டி பாதியாயிற்று.

கடைசியாக வந்தவன் கக்கத்தில் தகரப் பெட்டி வைத்திருந்தான். நாலு எழுத்துப் படித்த ஆளாக இருக்க வேண்டும். மூன்று சொம்பு குடித்தான். குடித்து முடித்து வாயைத் துடைத்துக்கொண்டே வேலாயுதத்தின் கையிலிருந்த சொம்பை உற்றுப் பார்த்தான். புதுப் புள்ளிகள் வெயிலில் பளிச்சென்று தெரிந்தன. எழுத்துக் கூட்டிப் படித்தான்.

"தம்புசாமி." நிமிர்ந்தான். "புண்ணியவான். யாருங்கய்யா அது? நீங்களா?"

பக்கத்தில் சலாவுதீன் சாலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டான். தனலெட்சுமி திரும்பவில்லை.

"இல்லப்பா" என்றான் வேலாயுதம். "என் தம்பி."